ஏரி போன பக்கம்

தண்ணீர் என் தொப்புளைத் தொட்டதும் நான் போட்ட கூச்சல் கரையிலிருக்கிற டூலியின் பப் வரைக்கும் கேட்டிருக்கும். மூன்றாவது கம்பத்துக்குப் பக்கத்தில், ஒரு கையில் துடைப்பக் கழியோடு, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றேன். மூன்று நாளாகத் தெற்குக் காற்று ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. பால் அதிகமாகிப்போன டீயின் நிறத்தில் சின்னச் சின்ன அலைகள் வந்து மூக்கில் அறைந்தன. ஒரு வாய் சேற்றுத் தண்ணீரை விழுங்கியேவிட்டேன். அதுகூட இனித்தது. கரையில் நின்ற வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்தன. தலைமேல் இடி விழுந்தாலும் நிதானமாகத் திரும்பிப் பார்க்கிற என் வீட்டுக்காரன் லின்சி, தொப்பியைக் கழற்றி ஆட்டினான். டூலி பப்பின் தகரக்கூரை மேல் ஏறிப் பச்சைக்கொடியை ஏற்றினான். சனிக்கிழமை போட்டி என்று முடிவாகிவிட்டது.

எங்கள் படகுச் சங்கத்தின் சட்டம் அப்படி. தண்ணீர் அதிகாரி என்று ஒருவர் இருப்பார். டன்ஸ்டன் ஏரியில் தண்ணீர் வந்தால் அவர் ஏரிக்குள் நட்டிருக்கிற மூன்றாவது கம்பம் வரை நடந்தே போக வேண்டும். அங்கே தொப்புளுக்குத் தண்ணீர் இருந்தால் பச்சைக்கொடி, இல்லையென்றால் சிவப்பு. பச்சை ஏறாமல் ஓடுகிற ஓட்டத்துக்குக் கோப்பை கிடையாது. அளவு போட்ட பலகை ஒன்று முன்பு இருந்தது. ஏரி காய்ந்து கிடந்த வருஷங்களில் யாரோ அதைப் பிடுங்கி ஆட்டுக்கொட்டகைக்கு ஆணி அடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு தொப்புள்தான். யாருடைய தொப்புள் என்று சட்டத்தில் எழுதவில்லை. எனக்கு முன்னால் இருந்தவன் பனைமரம் மாதிரி வளர்ந்தவன். அவன் தொப்புளை நனைக்க வேண்டுமென்றால் நோவா காலத்து வெள்ளம் வர வேண்டும். ஏரி ஒருமுறை அரைகுறையாக நிறைந்து, அவன் தினமும் நடந்துபோய்த் தலையை ஆட்டி ஆட்டியே அது வற்றியும் போனது. அடுத்த கூட்டத்தில் எல்லோரும் ஒரே குரலாக, "ரோதான்" என்று என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊரிலேயே குள்ளமானவள் நான்தான்.

"கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பக் கூடாதுன்னு சும்மாவா சொன்னாங்க? தானே பரீட்சை எழுதி, தானே திருத்தி, தானே மார்க் போட்டுக்கப் போறா" என்று அந்தக் கூட்டத்தில் எழுந்து சொன்ன ஒரே ஆள் என் நாத்தனார் க்ளெனிஸ். சொல்லிவிட்டு எனக்குத்தான் ஓட்டும் போட்டாள்.

க்ளெனிஸ் லின்சியின் தங்கை. ஊர்த் தபால் நிலையம் அவள் கையில். என் பெட்ரோல் பங்க்குக்கு நேர் எதிரே. முப்பது வருஷமாகக் காலையில் கதவைத் திறந்தால் நான் முதலில் பார்க்கிற முகம் அவளுடையது, அவள் முதலில் கேட்கிற வசவு என்னுடையது. கடைசியாக நடந்த போட்டிக்குப் பன்னிரண்டு வருஷமாகிறது. அதில் ஜெயித்தவள் அவள். எப்படி ஜெயித்தாள் என்பதைச் சொல்லாமல் விட்டால் என் நெஞ்சு ஆறாது.

ஏரி வருவது அபூர்வம். வடக்கே குவீன்ஸ்லாந்தில் பேய்மழை பெய்து, அது நதியில் ஊர்ந்து ஊர்ந்து வந்து, கால்வாயில் வழிந்து, எங்களிடம் சேர மாதக்கணக்கில் ஆகும். பெரும்பாலான வருஷங்களில் அது ஏரியே அல்ல, மேய்ச்சல் நிலம். அதில் ஆடு மேயும், வண்டி ஓட்டப் பழகுவோம், கிரிக்கெட் ஆடுவோம். தென்கரைக்காரன் வெண்டெல் அதன் நடுவில் முள்கம்பி வேலியே போட்டிருக்கிறான். தண்ணீர் வந்தால் எல்லாம் உள்ளே போய்விடும். அந்தப் போட்டியில் பாதி தூரம் வரை நான்தான் முன்னால். திடீரென்று பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்ததுபோல் என் படகு நின்றது. சுக்கான் வெண்டெலின் வேலியில் மாட்டிக்கொண்டது. க்ளெனிஸ் ஐம்பது அடி தள்ளி, அதே வேலியை, வெண்ணெயில் கத்தி போவதுபோலக் கடந்து போனாள். போகும்போது கையை வேறு ஆட்டினாள். பிறகுதான் தெரிந்தது. அந்த இடத்தில் வேலிக்கதவு இருந்தது. தண்ணீர் வருவதற்கு முன்னால் கடைசியாக வெண்டெலுக்குத் தபால் கொண்டுபோனவள் அவள். கதவைத் திறந்துபோட்டுவிட்டு வந்ததும் அவளே. எங்கள் பக்கத்தில் பெற்ற தாயைத் திட்டினாலும் மன்னிப்பார்கள், வேலிக்கதவைத் திறந்துபோட்டவரை மன்னிக்க மாட்டார்கள். அவளை மட்டும் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள்.

அன்றிலிருந்து கோப்பை அவள் தபால் நிலைய ஜன்னலில், என் பங்க்கைப் பார்த்தபடி இருக்கிறது. வாரம் ஒருமுறை துடைப்பாள், நான் பார்க்கிறேனா என்று பார்த்துக்கொண்டே துடைப்பாள். இப்போது அதையும் எடுத்துக்கொண்டு ஊரைவிட்டே போகிறாள். கடற்கரை ஊரில் அவள் மகன் தன் வீட்டுப் பின்புறத்தில் அவளுக்கென்று இரண்டு அறை கட்டியிருக்கிறான். திங்கட்கிழமை சாமான் ஏற்ற லாரி வருகிறது. அடுத்த முறை ஏரி நிறையும்போது நாங்கள் இரண்டு பேரும் இருப்போமா என்பதே சந்தேகம். அவள் போவது எனக்குப் பிடிக்கவில்லை, துளிகூடப் பிடிக்கவில்லை. அதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. "உன்னைத் தோக்கடிச்சுட்டுத்தான்டி லாரி ஏத்துவேன்" என்று மட்டும்தான் சொல்ல வந்தது.

வெள்ளிக்கிழமைக்குள் ஊர் கொள்ளவில்லை. எங்கெங்கிருந்தோ படகுகளை டிரெய்லரில் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். பங்க்கில் வரிசை ரோடு வரைக்கும் நின்றது. தண்ணீர் எப்படி என்று கேட்டவர்களுக்கெல்லாம் சட்டையைக் கொஞ்சம் தூக்கித் தொப்புளைக் காட்டினேன். எதிரே க்ளெனிஸ் தபால் நிலையத்தைப் பாதியில் மூடிவிட்டுப் படகுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்பத் தேய்க்காதடி, அடி ஓட்டையாயிடப் போகுது!"

"உன் படகுல இருக்கிற சிலந்திக்கெல்லாம் நீச்சல் சொல்லிக் குடுத்தியா?" என்று அவள் தலையைத் தூக்காமலேயே கேட்டாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் பெட்ரோல் ஊற்றியதே இல்லை.

சாயங்காலம் டீ குடிக்க உட்கார்ந்தபோது லின்சி பிஸ்கட்டைக் கோப்பையில் முக்கிக்கொண்டே சொன்னான். அவன் முக்கியமான விஷயத்தையெல்லாம் பிஸ்கட் நனைகிற நேரத்தில்தான் சொல்வான்.

"வெண்டெல் போன் பண்ணான்."

"போட்டிக்கு வரானாமா?"

"ஆட்டைத் தூக்க ஆள் கேட்டான். அவன் கரையில தண்ணி ரொம்பத் தூரம் உள்ள போயிடுச்சாம். தண்ணி குடிக்கப் போன ஆடெல்லாம் சேத்துல மாட்டிக்கிச்சாம்."

பிஸ்கட் ஒடிந்து டீக்குள் விழுந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே வடகரையில் தண்ணீர் ஏறியிருக்கிறது. அங்கே இறங்கியிருக்கிறது. அப்படியென்றால் ஏரி நிறையவில்லை, சாய்ந்திருக்கிறது. தட்டு மாதிரிப் பரந்து கிடக்கிற ஏரி இது. மூன்று நாள் ஒரே பக்கமாகக் காற்று அடித்தால், குளிக்கிற தொட்டியில் குழந்தை கையால் தள்ளுவதுபோல மொத்தத் தண்ணீரையும் ஒரு கரைக்குத் தள்ளிக்கொண்டுவந்து வைக்கும். இது எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். காற்று அடிக்கும்போது கம்பத்துக்குப் போகக் கூடாது, அது ஓய்ந்த பிறகுதான் போக வேண்டும். எனக்குத் தெரியாதா? தெரியும். முகத்தில் அறைந்த காற்றை நான் வியாழக்கிழமை பார்க்கவே விரும்பவில்லை. ஆசை வெட்கம் அறியாது என்பார்கள், அது திசையும் அறியாது.

எழுந்து ஏரிக்கு ஓடினேன். தளும்பத் தளும்ப நின்றது, அவ்வளவு அழகாக. கரையில் வெளியூர்க்காரர் ஒருவர் தன் இரண்டு பெண் குழந்தைகளுக்கு மிதவைச் சட்டையை மாட்டிவிட்டு, மஞ்சள் பாய் கட்டிய குட்டிப் படகில் ஏறி இறங்கப் பழக்கிக்கொண்டிருந்தார். அந்தக் குழந்தைகள் குளிரில் பல் தந்தியடிக்கச் சிரித்தார்கள். நான் நடு ஏரியைப் பார்த்தேன். வெண்டெலின் வேலி அங்கேதான் இருந்தது. இந்த ஆழத்தில் மேல்கம்பி தண்ணீருக்குள் எங்கேயோ அடியில் கிடக்கும். காற்று திரும்பி, தண்ணீர் சரசரவென்று இறங்கினால் அது ஒரு சாண் ஆழத்துக்கு வந்துவிடும், கண்ணுக்கும் தெரியாது. முழுப் பாயில் வருகிற குட்டிப் படகு முள்கம்பியில் மோதினால் என்ன ஆகும்? பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் என் சுக்கானோடு போனது. சுக்கானோடு போகும் என்று எல்லோருக்கும் வாக்குக் கொடுக்க முடியுமா?

டூலியின் பப் நிரம்பி வழிந்தது. நான் ஏணியை எடுத்துச் சுவரில் சாய்த்ததை முதலில் யாரும் கவனிக்கவில்லை. தகரத்தில் என் காலடி கேட்டதும் ஒவ்வொருவராக பியர் டம்ளரோடு வெளியே வந்தார்கள். கொடிக்கயிற்றை அவிழ்த்துப் பச்சைக்கொடியை இறக்கினேன். அத்தனை பேரும் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தார்கள். அந்தப் பார்வைக்கு அவர்கள் நாலு கெட்ட வார்த்தை திட்டியிருக்கலாம்.

"என்ன ரோ இது? அடுப்புல வேகுற கறிப் பை, மாவுக்குள்ள கறி அடைச்ச பலகாரம், அதையெல்லாம் யார் திங்கிறது?" என்றான் டூலி. சங்கத்துக்குத் தலைவனும் அவன்தான்.

"காத்து தூக்கி வெச்ச தண்ணி டூலி. காத்து திரும்புனா ஓடிடும். நடுவுல வேலி இருக்கு. வெளியூர்ப் பிள்ளைங்களுக்கு அது எங்க இருக்குன்னு தெரியாது."

"நேத்து இது தெரியலையா உனக்கு?" இது க்ளெனிஸ். கூட்டத்துக்கு முன்னால் வந்து நின்றாள். கையில் மெழுகுத் துணி இன்னும் இருந்தது.

"தெரியும். பாக்கல."

அவள் ஏதோ சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன். குள்ளச்சி என்பாள், கண் பூத்துப்போச்சா என்பாள்.  அவளோ வந்து ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டாள், நான் இறங்கும் வரை. பிறகு தன் வண்டியில் ஏறிப் போய்விட்டாள். கொடியை என் மழைக்கோட்டுப் பையில் திணித்துக்கொண்டு நான் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

காலையில் விழித்தபோது வேறு பக்கத்து ஜன்னல் ஆடிக்கொண்டிருந்தது. இத்தனை நாளாகச் சமையலறை ஜன்னல்தான் கடகடத்தது, இப்போது படுக்கையறை ஜன்னல். காற்று திரும்பி வடக்கிலிருந்து அடித்தது. பல்கூட விளக்காமல் ஏரிக்கரைக்கு ஓடினேன். எனக்கு முன்னாலேயே பாதி ஊர் அங்கே நின்றது. ஏரியைக் காணோம். மூன்று கம்பங்களும் ஈரச் சேற்றில் மொட்டையாக நின்றன. சேற்றில் கெண்டை மீன்கள் துள்ள, பெலிக்கன்கள் தின்று தின்று பறக்க முடியாமல் நடந்துகொண்டிருந்தன. தூரத்தில் வெண்டெலின் வேலி பாசி தொங்கத் தொங்க முழு உயரத்துக்கு வெளியே நின்றது. அதன் கதவைப் பார்த்தேன். இன்னும் திறந்தேதான் கிடந்தது, பன்னிரண்டு வருஷமாக. மஞ்சள் பாய்க் குழந்தைகளின் அப்பா அந்த முள்கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பித் தொப்பியைத் தொட்டார்.

க்ளெனிஸ் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சேற்றின் விளிம்பில் நின்றாள்.

"ஏரிய எங்கடி வெச்ச?" என்றாள்.

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. கரை முழுக்கச் சிரிப்பு பரவியது. நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும். அப்போது லின்சி தன் வழக்கமான நிதானத்தோடு தெற்கே கையைக் காட்டினான்.

"எங்க போயிருக்கும்? வெண்டெல் வீட்டுக்குத்தான் போயிருக்கும்."

ஒரு நொடி எல்லோரும் தெற்கே பார்த்தார்கள். அடுத்த நொடி வண்டிகளின் கதவுகள் படபடவென்று அடைக்கிற சத்தம். ஏரியைத் துரத்திக்கொண்டு ஒரு ஊரே போனதை வேறெங்காவது கண்டிருக்கிறீர்களா? டிரெய்லரும் படகுமாக, பாய்மரங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ள, புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஏரியைச் சுற்றி ஓடினோம். டூலி கறிப் பைகளை அடுப்புத் தட்டோடு அப்படியே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். எனக்கு முன்னால் க்ளெனிஸின் வண்டி. வழியே விடவில்லை. வலப்பக்கம் போனால் வலப்பக்கம் வந்தாள், இடப்பக்கம் போனால் இடப்பக்கம். ஒவ்வொரு வேலிக்கதவிலும் அவளே இறங்கித் திறந்து, எனக்குப் பின்னால் வருகிறவர்களைப் பார்த்து, "கடைசியா வர்றவங்க மூடிட்டு வாங்க! திறந்து போட்டா தோலை உரிச்சுடுவேன்!" என்று கத்தினாள். யார் பேசுகிறது பாருங்கள்.

வெண்டெல் முழங்கால் வரை சேறு படிந்த பூட்ஸோடு வாசலில் நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால் நிஜமாகவே ஏரி. நேற்று எங்கள் கரையில் தளும்பிய அதே தண்ணீர், அதே நிறம், அவனுடைய ஆட்டுப்பட்டியின் காலை நக்கிக்கொண்டிருந்தது. ஆடுகள் வரிசையாக நின்று எங்களை வேடிக்கை பார்த்தன.

"ஆட்டைத் தூக்க ஒரு ஆள் கேட்டேன், ஊரே வந்துட்டீங்களே" என்றான் வெண்டெல்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். துடைப்பக் கழியை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். அந்தக் கரையில் கம்பம் கிடையாது. தரையை எனக்குத் தெரியும். காலடியில் கெட்டியாக ஒன்று தட்டியது. சிமெண்டு போட்ட எங்கள் கிரிக்கெட் ஆடுகளம். இதே இடத்தில் க்ளெனிஸ் வீசிய பந்தில் என் முன்பல் ஒன்று போனது. ஆடுகளத்தைத் தாண்டி நடந்தேன். தண்ணீர் தொடைக்கு வந்தது. இன்னும் நடந்தேன். அதே தொடைதான். இன்னும், இன்னும். தொப்புள் காய்ந்தே இருந்தது. கொஞ்சம் குனிந்தால் நனைந்துவிடும். கரையிலிருந்து பார்க்கிற யாருக்கும் தெரியாது. முழங்கால் தானாக மடங்கப் பார்த்தது. நேற்று நானே இறக்கிய கொடியை நினைத்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

"பச்சை கிடையாது!" கரைக்கு வந்து சொன்னேன். "சிவப்பும் இல்ல. வேலியெல்லாம் அந்தப் பக்கம் வெளிய நிக்குது, இந்தப் பக்கம் காலைக் கிழிக்க ஒண்ணும் இல்ல. விழுந்தா எழுந்து நில்லுங்க, அவ்வளவுதான் ஆழம். படகுக்கு அடியில நீட்டிக்கிட்டிருக்கிற நடுப்பலகையைத் தூக்கிக் கட்டிட்டு ஆசை தீர ஓட்டுங்க. எல்லையா ஒரு மிதவையைப் போட்டு, அதைச் சுத்திட்டுத் திரும்பி வாங்க. கொடி மட்டும் ஏறாது."

"அப்ப கோப்பை?" என்று கேட்டான் டூலி. போட்டிக்காக க்ளெனிஸ் ஒப்படைத்த கோப்பை அவன் வண்டியின் முன்புறத்தில், கறிப் பைத் தட்டுக்குப் பக்கத்தில் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது.

"கோப்பை அவகிட்டயே இருக்கட்டும்." சொல்லிவிட்டுத் துடைப்பக் கழியைச் சேற்றில் குத்தினேன்.

க்ளெனிஸ் என்னையே உற்றுப் பார்த்தாள். "கோப்பை இல்லாம நான் எதுக்குடி நனையணும்?" என்றாள். சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினாள்.

அந்த ஓட்டத்தை எப்படிச் சொல்வது! பின்னாலிருந்து கரைக் கூச்சல், முன்னால் பரந்து கிடக்கிற தண்ணீர், இருபது முப்பது படகுகள் ஒரே மூச்சில் பாயை விரித்தன. மஞ்சள் பாய்க் குழந்தைகள் எனக்கு முன்னாலேயே போனார்கள். கயிறு என் கையை அறுத்தது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீரை வாரி என் மடியில் கொட்டியது. நான் பாட்டுப் பாடினேன், நிஜமாகவே வாய்விட்டுப் பாடினேன். பக்கத்தில் கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் க்ளெனிஸ். "பாட்டை நிறுத்துடி, காத்து பயந்து ஓடிடும்!" என்றாள். அவள் சொல்லி வாய் மூடவில்லை, காற்று நின்றுவிட்டது.

பாய்கள் சொத்தென்று தொங்கின. கொஞ்ச நேரம் மிதந்தோம். பிறகு அடியில் சர்ரென்று ஒரு சத்தம். தண்ணீர் எங்களுக்குக் கீழேயிருந்து நழுவி வடக்கே போய்க்கொண்டிருந்தது. தள்ளிப்பிடித்த கை எடுக்கப்பட்டதும் ஏரி தன் இடத்துக்குத் திரும்புகிறது. ஒவ்வொரு படகாகத் தரைதட்டியது. வெளியூர்க்காரர்கள் இறங்கி, சிரித்துக்கொண்டே, கறிப் பை தேடிக் கரைக்கு நடந்தார்கள். மிதவை இன்னும் கொஞ்ச தூரத்தில்தான், கணுக்கால் தண்ணீரில், சாய்ந்து கிடந்தது. நான் க்ளெனிஸைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கீழே குதித்து, முன்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு படகை இழுக்க ஆரம்பித்தோம். படகுக்குள் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

கரை முழுக்க எழுந்து நின்று கத்தியது. கோப்பை இல்லை, கொடி இல்லை, இரண்டு கிழவிகள் சேற்றில் படகு இழுக்கிறார்கள், அதற்கு அவ்வளவு கூச்சல். நான் இரண்டடி முன்னால் போனேன். பின்னால் "ஐயோ" என்று கேட்டது. திரும்பினால் க்ளெனிஸ் தொடைவரை உள்ளே இறங்கியிருந்தாள். வெண்டெலின் டிராக்டர் ஒருமுறை புதைந்து, ஒரு வாரம் தோண்டி எடுத்த குழி அது. மேலே சேறு மூடிக்கிடந்திருக்கிறது.

"நிக்காதடி! நின்னா நீயும் புதைஞ்சுடுவ! போ, போய்ச் சுத்திட்டு வா!" என்று அவள் கத்தினாள்.

மிதவை என் கைக்கெட்டுகிற தூரத்தில் கிடந்தது. நான் படகைத் திருப்பிக்கொண்டு அவளிடம் வந்தேன். அங்கே நிற்க முடியாது, அவள் சொன்னது சரிதான், நின்றால் கால் இறங்கியது. அதனால் படகை இழுத்துக்கொண்டு அவளைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். அவள் என் படகின் விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, காலை உருவப் பார்த்தாள். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இறங்கினாள்.

"இப்படியே மிதவையைச் சுத்தியிருந்தா இந்நேரம் பத்து தடவை ஜெயிச்சிருப்ப" என்றாள், மூச்சு வாங்க.

"திங்கட்கிழமை லாரி வரும்போது நீ இங்கயே இருந்தா என்னடி பண்ணுவாங்க?"

"சாமானை மட்டும் அனுப்பிடு. கோப்பையை அனுப்பாத."

"போகாத க்ளெனிஸ்" என்றேன். அது எப்படி வாயிலிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. நான் சுற்றி அவள் முதுகுப்பக்கம் வந்திருந்தேன். அவள் முகம் தெரியவில்லை.  கரைக் கூச்சல் அடங்கியிருந்தது. லின்சியும் வெண்டெலும் ஒரு நீளப் பலகையைத் தூக்கிக்கொண்டு எங்களை நோக்கி வருவது தெரிந்தது.

அப்போது என் கழுத்தின் பின்புறம் வெப்பமாக எதுவோ தொட்டது. வடக்குக் காற்று. மறுபடி பிடித்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். போன ஏரி திரும்பி வந்துகொண்டிருந்தது. அலையாக அல்ல. வெயிலில் பளபளக்கிற ஒரு மெல்லிய விளிம்பு, சேற்றை மூடிக்கொண்டு, மிதவையை நிமிர்த்திக்கொண்டு, எங்களை நோக்கி வந்தது. முதலில் என் கணுக்கால். பிறகு முழங்கால். க்ளெனிஸின் படகு முனகிக்கொண்டு எழுந்தது. இறுக்கிப் பிடித்திருந்த சேறு இளகி, அவள் ஒரு காலை அசைத்தாள்.

"ரோ! கொடி எங்க?"

"கோட்டுப் பையில இருக்கு. ஏன்?"

"ஏத்துடி! எனக்குத் தொப்புளுக்கு வந்தாச்சு!"

குனிந்து பார்த்தேன். நிஜம்தான். இடுப்புவரை புதைந்து நிற்கிறவளின் தொப்புளைத் தண்ணீர் தாண்டியிருந்தது.

"மூணாவது கம்பத்துலதான் அளக்கணும். இங்க கம்பம் எங்கடி இருக்கு?"

"நான்தான்டி கம்பம்! இவ்வளவு நேரமா அசையாம நிக்கிறேனே, தெரியல?"

எனக்கு வந்த சிரிப்பில் கயிறு கையை விட்டுப் போயிருக்கும். அவளுக்கும் சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டாள், சேறு பூசிக்கொண்டது. "அதிகாரி நான். என் தொப்புள்தான் கணக்கு" என்றேன். பையிலிருந்து கொடியை எடுத்துவிட்டேன், கசங்கி, சொட்டச் சொட்ட. தூரத்தில் பலகையோடு வந்தவர்கள் அதைப் பார்த்து நின்றுவிட்டார்கள். க்ளெனிஸ் ஒரு கையால் என் படகைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் என் மழைக்கோட்டை விலக்கினாள். சட்டையைத் தூக்கினாள். தண்ணீர் தொடையைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து நின்றேன், ஒரு மயிரிழைகூடக் குனியாமல்.

"இன்னும் நாலு விரல்" என்றாள்.

இரண்டு படகுகளும் மிதந்து, பாய் புடைத்து, கயிற்றை இழுத்தன. இரண்டு பேரும் தலையைக் குனிந்து என் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"மூணு."